மூன்று கேமரா நேரலை: கல்யாண மண்டபத்தில் முதன்முறை ஸ்விட்சர் வைப்பவர்களுக்கு

நேரலைத் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் கையிலிருக்கும் பணத்தில் முக்கால்வாசியைக் கேமராவில் போட்டுவிடுகிறார்கள். ஆனால் முகூர்த்த நேரத்தில் லைவ் அறுந்துபோவதற்குக் கேமரா காரணமாக இருப்பது அபூர்வம். இரண்டு பொருள்கள் சேரும் இடத்தில்தான் கோளாறு வரும்: கேபிள் முனை, ஃப்ரேம் வேகம், ஆடியோ ஜாக், சிம் கார்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் கேமரா பற்றிக் குறைவாகவும் இணைப்புகள் பற்றி அதிகமாகவும் இருக்கும்.

எந்த ஸ்விட்சர்?

பல கேமராக்களில் எந்தப் படம் லைவில் போக வேண்டும் என்று தேர்ந்து மாற்றும் பெட்டிதான் ஸ்விட்சர். பிளாக்மேஜிக் நிறுவனம் 2019-இல் ஏடெம் மினி என்ற ஸ்விட்சரை வெளியிட்ட பிறகுதான் மூன்று, நான்கு கேமரா நேரலை ஒரு தோள்பைக்குள் அடங்கியது. நான்கு எச்.டி.எம்.ஐ. உள்ளீடு, இரண்டு 3.5 மி.மீ. ஆடியோ உள்ளீடு, கணினிக்கு வெப்கேம் போலத் தெரியும் ஒரு யூ.எஸ்.பி. வெளியீடு. அடிப்படை மாடலில் அவ்வளவுதான். யூடியூபுக்கு அனுப்பக் கூடவே ஒரு லேப்டாப் வேண்டும். 2020-இல் வந்த மினி ப்ரோவில் நெட்வொர்க் கேபிளைச் செருகினால் அதுவே நேராக யூடியூபுக்கு அனுப்பும், யூ.எஸ்.பி. டிஸ்கில் பதிவும் செய்யும், எல்லாக் கேமராவையும் ஒரே திரையில் கட்டம் கட்டமாகக் காட்டும் (இதுதான் கட்டப் பார்வை). ப்ரோ ஐ.எஸ்.ஓ. மாடல், கலந்த படத்தோடு நான்கு கேமராவையும் தனித்தனிக் கோப்பாகவும் பதியும்.

புதியவருக்கு ப்ரோ ஐ.எஸ்.ஓ.தான் சரி. லைவில் தவறான கேமராவுக்கு வெட்டிவிட்டாலும் (கேமரா மாற்றுவதைத்தான் வெட்டுவது என்கிறோம்), தாலி கட்டும் காட்சி இன்னொரு கோப்பில் பத்திரமாக இருக்கும், எடிட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம். இந்த ஒரு வசதிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் தவறில்லை.

ஒரு கண்ணி உண்டு. ப்ரோவில் எச்.டி.எம்.ஐ. வெளியீடு ஒன்றே ஒன்று. மண்டபத்து எல்.இ.டி. திரைக்கும் படம் கொடுக்க வேண்டும் என்று கல்யாண வீட்டார் கேட்டால், அந்த ஒரே வெளியீட்டைத் திரைக்குக் கொடுத்துவிட்டு, கட்டப் பார்வை இல்லாமல் கண்ணைக் கட்டிக்கொண்டு வெட்ட வேண்டியதுதான். முன்பணம் வாங்கும்போதே எல்.இ.டி. திரை உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால் எட்டு உள்ளீடும் இரண்டு வெளியீடும் உள்ள மினி எக்ஸ்ட்ரீம் வகையை வாடகைக்கு எடுங்கள்.

முதல் வேலை: ஒரே ஃப்ரேம் வேகம்

இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விளக்குகள் விநாடிக்கு 100 முறை கூடிக் குறையும். அதனால் 1080 தரம், விநாடிக்கு 25 ஃப்ரேம் (படம்), ஷட்டர் 1/50 விநாடி என்பதை எல்லாக் கேமராவுக்கும் பொதுவாக வையுங்கள். மூன்று கேமராவில் ஒன்றை மட்டும் 30 ஃப்ரேமில் விட்டால், ஸ்விட்சர் அதை மாற்றிக் கொடுக்கும்தான். ஆனால் கேமரா நகரும்போது படம் லேசாகத் திக்கும். ஷட்டர் 1/60-இல் இருந்தால் டியூப்லைட் வெளிச்சம் மேலும் கீழும் ஓடும்.

ஏடெம் மினி தானியங்கி நிலையில் இருந்தால், முதலில் எந்தக் கேமராவின் சிக்னல் வருகிறதோ அந்த ஃபார்மட்டையே தன் ஃபார்மட்டாக வைத்துக்கொள்ளும். உதவியாளர் ஒருவர் அவசரத்தில் லேப்டாப்பை முதலில் செருகினால் மொத்த நிகழ்ச்சியும் 60 ஃப்ரேமில் ஓடும். தானியங்கியை நம்பாமல், கணினி மென்பொருளில் 1080 பி 25 என்று நீங்களே பூட்டிவிடுங்கள். எல்.இ.டி. திரையும் உண்டென்றால் அதன் கன்ட்ரோலர் 25-ஐ ஏற்கிறதா என்று முந்தைய நாளே செருகிப் பாருங்கள்; ஏற்கவில்லையென்றால் 50-க்குப் போக வேண்டும், லைவின் பிட்ரேட்டையும் (விநாடிக்கு அனுப்பும் தரவின் அளவு) அதற்கேற்ப உயர்த்த வேண்டும்.

4கே அனுப்பும் கேமராவை 1080-க்கு இறக்குவது கட்டாயம். இந்த ஸ்விட்சர் 1080-க்கு மேல் வாங்காது. திரை கறுப்பாக இருக்கும், கேபிள்தான் போய்விட்டது என்று அரை மணி நேரம் கேபிளை மாற்றிக்கொண்டிருப்பீர்கள். இதே கறுப்புத் திரை, லேப்டாப்பிலோ செட்டாப் பாக்ஸிலோ எச்.டி.சி.பி. என்ற நகலெடுப்புத் தடை இருந்தாலும் வரும்.

கேமராவில் பார்க்க வேண்டியவை

எச்.டி.எம்.ஐ.யில் படம் மட்டும் வர வேண்டும். பேட்டரிக் குறி, ஃபோகஸ் கட்டம் எதுவும் வரக் கூடாது. சோனி கேமராக்களில் எச்.டி.எம்.ஐ. தகவல் காட்சி என்பதை அணைத்தால் போதும். பழைய மலிவான டி.எஸ்.எல்.ஆர். சிலவற்றில் இந்த வசதியே கிடையாது. வாங்குவதற்கு முன், கடையிலேயே ஒரு டி.வி.யில் செருகிப் பாருங்கள்.

தானாக அணையும் வசதியை நிறுத்துங்கள். பேட்டரிக்குப் பதில் டம்மி பேட்டரி போட்டு ஏ.சி. அடாப்டரில் ஓட்டுங்கள். கேமராவுக்குள் பதிவு வேண்டாமென்றால் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தாதீர்கள்: பல கேமராக்கள் முப்பது நிமிடத்துக்குச் சற்று முன் பதிவை நிறுத்தும், சூடும் ஏறும். வெறும் ஸ்டாண்ட்பையில் எச்.டி.எம்.ஐ. வழியே படம் வந்துகொண்டுதான் இருக்கும்.

வொயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) ஆட்டோவில் இருக்கவே கூடாது. மணவறையில் மஞ்சள் விளக்கு, பின்னால் ஊதா எல்.இ.டி., பக்கத்து ஜன்னலில் வெயில். ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு கேமராவும் ஒவ்வொரு நிறத்தில் பெண்ணைக் காட்டும். மேடை விளக்கு முழுதும் எரியும்போது ஒரு வெள்ளைத் தாளை மணவறையில் பிடித்து, ஒரு கேமராவில் கெல்வின் அளவைச் சரி செய்து, அதே எண்ணை மற்ற இரண்டிலும் போடுங்கள். வெவ்வேறு நிறுவனக் கேமராக்கள் என்றால் எண் ஒன்றாக இருந்தாலும் நிறம் விலகும். அப்போது கட்டப் பார்வையைப் பார்த்துக் கண்ணால் ஒட்டவையுங்கள்.

எங்கே நிறுத்துவது? ஒரு கேமரா மண்டபத்தின் நடுப்பகுதியில், பலகைமேல், நிற்கும் ஆட்களின் தலைக்கு மேலே வரும்படி. இன்னொன்று மணவறையின் பக்கவாட்டில், நெருக்கமான காட்சிக்கு. மூன்றாவது கையில் நகரும். முகூர்த்த நேரத்தில் புகைப்படக்காரர்களும் செல்போன் பிடித்த உறவினர்களும் மணவறைக்கு முன்னால் சுவர்போல நின்றுவிடுவார்கள் என்பதை மனதில் வைத்து இடம் பிடியுங்கள். பக்கவாட்டுக் கேமராதான் அந்த இரண்டு நிமிடத்தைக் காப்பாற்றும்.

கேபிள்

சாதாரண எச்.டி.எம்.ஐ. கேபிளை 1080-க்குப் பத்து மீட்டர்வரை நம்பலாம். அதற்கு மேல் போனால் ஒருநாள் வரும், ஒருநாள் வராது. மண்டபத்தில் நடுக் கேமராவுக்கும் ஸ்விட்சர் மேசைக்கும் இடையே முப்பது மீட்டர் சாதாரணம். அங்கே எஸ்.டி.ஐ.க்கு (நீண்ட தூரத்துக்குப் படம் கொண்டுபோகும் கேபிள் முறை) மாறுங்கள்: கேமரா பக்கம் ஒரு எச்.டி.எம்.ஐ.-எஸ்.டி.ஐ. கன்வெர்ட்டர், மேசைப் பக்கம் மறுவகைக் கன்வெர்ட்டர், நடுவில் 75 ஓம் கோஆக்ஸ் கேபிள். நல்ல தரமான கேபிளில் 3ஜி எஸ்.டி.ஐ. (செல்போன் 3ஜி அல்ல, எஸ்.டி.ஐ.யில் ஒரு வகை) அறுபது மீட்டர்வரை நிம்மதியாகப் போகும். கேபிள் டி.வி.க்குப் போடும் மலிவு வயரில் அந்தத் தூரம் கிடைக்காது. இந்தக் கேபிளின் பி.என்.சி. முனை திருகிப் பூட்டிக்கொள்வதால், குழந்தைகள் காலில் மாட்டி இழுத்தாலும் சட்டென்று கழன்று வராது.

கன்வெர்ட்டர்களுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதை மறந்துவிட்டு வருபவர்கள் அதிகம். கேபிளில் வரும் இரண்டு கேமராவுக்கு நான்கு கன்வெர்ட்டர், நான்கு 5 வோல்ட் சார்ஜர், அதற்கான ஜங்ஷன் பாக்ஸ். இணைக்கும் வரிசையும் முக்கியம்: முதலில் மின்சாரம், பிறகு பி.என்.சி. கழற்றும்போது முதலில் பி.என்.சி., பிறகு மின்சாரம். மாற்றிச் செய்தால் மின்னோட்டம் எஸ்.டி.ஐ. கேபிளின் உறை வழியே திரும்பிப் பாய்ந்து போர்ட்டை எரித்துவிடக்கூடும். பேட்டரியிலிருந்து கேமராவுக்கும் வயர்லெஸ் டிரான்ஸ்மிட்டருக்கும் சேர்த்து மின்சாரம் எடுக்கும்போது இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

நகரும் கேமராவுக்கு வயர்லெஸ் வேண்டும். கைக்கு அடங்கும் விலையில் கிடைப்பவை பெரும்பாலும் 5 கிகாஹெர்ட்ஸில் ஓடுபவை. மண்டபத்து வைஃபையும் அதே அலைவரிசைதான். காலியான மண்டபத்தில் நூறு மீட்டர் போனது, ஆயிரம் பேர் உட்கார்ந்தபின் இருபது மீட்டரில் தடுமாறும், ஏனென்றால் மனித உடல் அந்த அலையை உறிஞ்சிவிடும். ரிசீவரைத் தலைமட்டத்துக்கு மேலே ஒரு ஸ்டாண்டில் தூக்கிக் கட்டுங்கள். மைக்ரோ எச்.டி.எம்.ஐ. துளை உள்ள கேமரா என்றால் கூண்டும் (கேமராவைச் சுற்றி மாட்டும் சட்டம்) கேபிள் பிடிப்பும் இல்லாமல் நகர்த்தவே நகர்த்தாதீர்கள். துளை உடைந்தால் போர்டையே மாற்ற வேண்டிவரும்.

ஒலி: பாதி நேரலைகள் இங்கேதான் கெடுகின்றன

வெளிநாட்டில் உட்கார்ந்து பார்க்கும் அத்தைக்குப் படம் கொஞ்சம் மங்கினால் பரவாயில்லை. மந்திரமும் நாதஸ்வரமும் கேட்கவில்லையென்றால் உடனே போன் வரும்.

மண்டபத்து மைக்செட்காரரிடமிருந்து ஒரு லைன் வாங்குங்கள். மெயின் அவுட் வேண்டாம், ஆக்ஸ் அவுட் (மிக்சரின் தனி வெளியீடு) கேளுங்கள், அதுவும் ப்ரீ-ஃபேடர், அதாவது சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடருக்கு முன்பே எடுப்பது. இல்லையென்றால் அவர் ஹாலுக்காகச் சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் உங்கள் லைவிலும் குறையும். அந்த லைனை நேரடியாக ஸ்விட்சரில் செருகாதீர்கள். அவருடைய ஆம்ப்ளிஃபையர் ஒரு எர்த்திலும் உங்கள் மேசை வேறு எர்த்திலும் இருந்தால் ஒரு ஊம் சத்தம் விடாமல் வரும். நடுவில் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் பெட்டி ஒன்றைப் போட்டால் அது போய்விடும். சிறிய பெட்டிதான், பையில் எப்போதும் இரண்டு இருக்கட்டும்.

அடுத்த கோளாறு கண்டுபிடிக்கவே முடியாதது. மிக்சரின் எக்ஸ்.எல்.ஆர். (மூன்று முள் ஒலி முனை) அவுட் பேலன்ஸ்டு, அதாவது ஒரே ஒலி, ஒரு கம்பியில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் வரும். கடையில் கிடைக்கும் எக்ஸ்.எல்.ஆர்.-3.5 மி.மீ. கேபிள் பலவற்றில் நேரான கம்பி இடது பக்கத்துக்கும் தலைகீழான கம்பி வலது பக்கத்துக்கும் போகும். ஹெட்ஃபோனில் கேட்டால் ஏதோ அகலமாக, நன்றாகவே கேட்கும். ஒரே ஸ்பீக்கர் உள்ள செல்போனில் இடமும் வலமும் கூடும்போது இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும்: ஐயர் உதடு அசையும், குரல் வராது. லைவ் தொடங்குமுன் ஒரு போனில், ஹெட்ஃபோன் இல்லாமல், கேட்டுப் பாருங்கள். குரல் ஒல்லியாகவோ காணாமலோ போனால் கேபிள்தான் குற்றவாளி.

மைக்செட் லைன் மட்டும் போதாது. நாதஸ்வரத்துக்கும் தவிலுக்கும் பெரும்பாலும் மைக்கே வைக்கமாட்டார்கள், தேவையும் இல்லை. ஆகவே மேளக்காரர்கள் பக்கம் உங்கள் சொந்த மைக் ஒன்று. கெட்டி மேளம் ஒலிக்கும்போது ஒலி திடீரென எகிறும் என்பதால், சாதாரண நேரத்தில் மீட்டர் மைனஸ் 18 டெசிபெலுக்கும் மைனஸ் 12-க்கும் நடுவே நிற்கும்படி வைத்து, லிமிட்டரையும் (ஒலி ஓர் அளவைத் தாண்டாமல் தடுப்பது) போட்டுவிடுங்கள். சிவப்பைத் தொட்டால் அந்த ஒலி கிழிந்ததுதான். பிறகு எந்த மென்பொருளாலும் முழுதாக மீட்க முடியாது.

இங்கே புதிய போக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 32-பிட் ஃப்ளோட் பதிவு இப்போது சிறிய ரெக்கார்டர்களிலும் சட்டைக்காலரில் மாட்டும் வயர்லெஸ் மைக்குகளிலும் வந்துவிட்டது. அளவு வைக்காமலே பதியலாம், எவ்வளவு சத்தமானாலும் கிழியாது என்பார்கள். பெரும்பாலும் உண்மைதான், ஆனால் அது மைக்குக்குள் பதியும் கோப்புக்கு மட்டும். ஸ்விட்சருக்கு வரும் ஒலி பழைய வழியில்தான் வருகிறது. அங்கே அளவு தவறினால் லைவ் கிழியும். எடிட்டிங்குக்கு அது காப்பீடு, நேரலைக்கு அல்ல.

2.4 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் மைக்கின் ரிசீவரை ஸ்விட்சர் மேசையில் வைக்காதீர்கள். ஹாட்ஸ்பாட்டும் புளூடூத்தும் நிறைந்த கூட்டத்தைத் தாண்டி அது வர வேண்டும். ரிசீவரை மேடைக்கு அருகே வைத்துவிட்டு அங்கிருந்து கேபிளில் ஒலியைக் கொண்டுவாருங்கள்.

கடைசியாக, உதடும் குரலும். கேமராவிலிருந்து படம் வெளிவரவே சில ஃப்ரேம் தாமதம் ஆகும். ஒலி உடனே வந்துவிடும். கேமரா முன்னால் ஒருவரைக் கைதட்டச் சொல்லிப் பதிவு செய்து, கை சேரும் ஃப்ரேமுக்கும் சத்தம் வரும் ஃப்ரேமுக்கும் உள்ள இடைவெளியை எண்ணுங்கள். 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் 40 மில்லிசெகண்ட். ஏடெம் மினியின் அனலாக் உள்ளீட்டில் எட்டு ஃப்ரேம்வரை தாமதம் போடலாம். பெரும்பாலும் மூன்று, நான்கில் சரியாகிவிடும்.

மின்சாரம்

ஈ.பி. போய் ஜெனரேட்டர் எடுக்கும்வரை சில விநாடிகள் இருட்டு. அந்தச் சில விநாடிகளில் ஸ்விட்சரும் ரவுட்டரும் அணைந்தால், மீண்டும் எழுந்து லைவ் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் ஆகும். கூட்டிப் பாருங்கள்: மூன்று கேமரா, ஸ்விட்சர், ரவுட்டர், மானிட்டர், ஒரு லேப்டாப், எல்லாம் சேர்ந்து 150 வாட் அளவில். ஒரு கே.வி.ஏ. யூ.பி.எஸ். தாராளம். தொலைவில் இருக்கும் கேமராக்களுக்குத் தனியாகச் சின்ன யூ.பி.எஸ். வைக்கலாம், அல்லது அவற்றைப் பேட்டரியிலேயே ஓட்டலாம். சீரியல் லைட் கட்டியவர் இழுத்த வயரில் மட்டும் உங்கள் பிளக்கைச் செருகாதீர்கள்.

இணையம்

1080, 25 ஃப்ரேமுக்கு 5 முதல் 6 எம்.பி.பி.எஸ். போதும். கீஃப்ரேம் (முழுப் படமாகப் போகும் ஃப்ரேம்) இடைவெளி 2 விநாடி, ஆடியோ ஏ.ஏ.சி. வகையில் 128 கே.பி.பி.எஸ். அப்லோடு வேகம் இதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும்.

கணக்கை முதலிலேயே போடுங்கள். 6 எம்.பி.பி.எஸ். ஐந்து மணி நேரத்துக்கு 13.5 ஜி.பி. ஒரு நாளைக்கு 2 ஜி.பி. என்ற ரீசார்ஜ் நாற்பத்தைந்து நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், அதன்பிறகு வேகம் படுத்துவிடும். சீர்வரிசை முடிந்து மாலை மாற்றுவதற்குள் லைவ் நின்றதென்றால் பல இடங்களில் காரணம் இதுதான்.

வேகத்தை எப்போது அளப்பது? முந்தைய நாள் மாலை காலி மண்டபத்தில் அளந்து 40 எம்.பி.பி.எஸ். வருகிறது என்று மகிழ்ந்து பயனில்லை. முகூர்த்த நேரத்தில் ஆயிரம் போன்களும் அதே டவரைப் பிடித்துக்கொண்டு வீடியோ அனுப்பும். முதல் தேர்வு எப்போதும் ஃபைபர் லைன். மண்டப அலுவலகத்தில் இருந்தால் வைஃபை பாஸ்வேர்டு கேட்காமல், ரவுட்டரிலிருந்து நெட்வொர்க் கேபிளே இழுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம். ஒரே நிறுவனத்தின் இரண்டு சிம் ஒரே டவரில்தான் தொங்கும்.

இரண்டு சிம் போடும் ரவுட்டர் வாங்கும்போது ஒரு வித்தியாசத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒன்று போனால் மற்றதற்குத் தாவுவது ஃபெய்ல்ஓவர், தாவும்போது ஐ.பி. முகவரி மாறுவதால் லைவ் இணைப்பு அறுந்து மீண்டும் ஒட்டும், பார்ப்பவருக்குப் படம் உறையும். இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்துப் பயன்படுத்துவது பாண்டிங். ஒரு சிம் விழுந்தாலும் தெரியாது. ஆனால் அதற்கு மறுமுனையில் பொட்டலங்களை (துண்டு துண்டாகப் போகும் தரவு) சேர்த்துத் தரும் சர்வர் வேண்டும், மாதச் சந்தாவும் உண்டு. விளம்பரத்தில் டூயல் சிம் என்று மட்டும் போட்டிருந்தால் அது பாண்டிங் அல்ல. பெரிய ஒளிபரப்பாளர்கள் இதையும் தாண்டிவிட்டார்கள்: 2023 மே மாதம் லண்டனில் மன்னர் சார்லஸ் முடிசூட்டு விழாவின்போது பி.பி.சி. தனியார் 5ஜி நெட்வொர்க் ஒன்றைப் பயன்படுத்தியது, கூட்டத்தின் போன்கள் நுழைய முடியாத தனிப் பாதை.

மண்டபத்திலிருந்து ஸ்டுடியோவுக்குப் படம் அனுப்பி அங்கிருந்து ஒளிபரப்ப வேண்டுமென்றால் எஸ்.ஆர்.டி. கற்றுக்கொள்ளுங்கள். ஹைவிஷன் நிறுவனம் உருவாக்கி 2017-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட, இணையம் வழியே வீடியோ அனுப்பும் முறை இது. தொலைந்த பொட்டலங்களைத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்கு அவகாசமாக ஒரு தாமதத்தை நீங்கள் குறிக்க வேண்டும். இரண்டு முனைகளுக்கும் இடையே பிங் நேரத்தை (பொட்டலம் போய்த் திரும்பும் நேரம்) பார்த்து அதன் நான்கு மடங்கு வைப்பது வழக்கம். சிம் இணைப்பில் தாராளமாக 2 விநாடி வையுங்கள். சிம்மில் வெளியிலிருந்து அடையக்கூடிய ஐ.பி. பொதுவாகக் கிடைக்காது, ஆகவே மண்டபப் பக்கம் காலர் (இணைப்பைத் தொடங்கும் முனை), ஸ்டுடியோப் பக்கம் லிசனர் (அதற்குக் காத்திருக்கும் முனை), அங்கே ரவுட்டரில் ஒரு யு.டி.பி. போர்ட் (தரவு நுழையும் வாசல்) திறந்திருக்க வேண்டும். ஓ.பி.எஸ். என்ற நேரலை மென்பொருளில் இந்தத் தாமதத்தை மைக்ரோசெகண்டில் எழுத வேண்டும். 2 விநாடிக்கு 2000 என்று போட்டால் அது வெறும் 2 மில்லிசெகண்ட். படம் கட்டம் கட்டமாகச் சிதறும், குற்றம் நெட்வொர்க் மேல் விழும். 2000000 என்று போடுங்கள்.

என்.டி.ஐ. பற்றியும் கேட்பார்கள். நெட்வொர்க் கேபிளிலேயே கேமராப் படத்தைக் கொண்டுவரும் முறை அது. முழுத்தர என்.டி.ஐ.யில் ஒரு 1080 ஓடை நூறு எம்.பி.பி.எஸ்.ஸைத் தாண்டும், ஆகவே கிகாபிட் ஸ்விட்ச் கட்டாயம், வைஃபை கூடாது. நிரந்தரமாக வயர் ஓடியிருக்கும் சபா, கோயில், தேவாலயம் போன்ற இடங்களில், தொலைவிலிருந்து திருப்பும் பி.டி.இசட். கேமராக்களோடு அது அருமையாக இருக்கும். ஒருநாள் கல்யாணத்துக்கு எஸ்.டி.ஐ.யே மேல். டி.வி. நிலையங்கள் போகும் எஸ்.டி. 2110 (நெட்வொர்க்கில் படத்தைச் சுருக்காமல் அனுப்பும் முறை) பக்கம் இப்போதைக்குத் திரும்ப வேண்டாம்: சுருக்காத 1080, 50 ஃப்ரேம் ஓடை ஒன்றே 2 ஜி.பி.பி.எஸ்.ஸைத் தொடும்.

யூடியூப் பக்கம்

புதிய சேனலில் நேரலையை முதன்முறை இயக்கினால் அனுமதி கிடைக்க 24 மணி நேரம்வரை ஆகலாம். கல்யாணத்தன்று காலையில் சேனல் தொடங்குபவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும் அன்லிஸ்டட் நிலையில் வைத்து, முந்தைய நாளே பத்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.

சினிமாப் பாட்டு பெரிய தலைவலி. யூடியூபின் பதிப்புரிமைக் கண்காணிப்பு நேரலையிலும் வேலை செய்கிறது, வரவேற்பில் டி.ஜே. போடும் பாட்டு பிடிபட்டால் லைவ் இடைநிற்கக்கூடும். அன்லிஸ்டட் என்பதால் தப்பிக்க முடியாது. அந்த நேரத்தில் மைக்செட் லைனை இறக்கிவிட்டு, மேடையில் பேசும் மைக்கை மட்டும் வையுங்கள். இதைக் கல்யாண வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ஓடும்போது, முடியும்போது

வெட்டுபவர் ஒருவர், ஒலியும் இணையமும் பார்ப்பவர் இன்னொருவர். ஒரே ஆள் இரண்டும் செய்தால் இரண்டும் கெடும். கேமராமேன்களோடு பேச, தொடக்கத்தில் ஒரு போன் கான்ஃபரன்ஸ் அழைப்பும் ஒற்றைக் காது இயர்ஃபோனும் போதும். மாங்கல்ய தாரணத்துக்குப் பத்து நிமிடம் முன்பே பக்கவாட்டுக் கேமராவை ஃபோகஸ் பூட்டி நிறுத்துங்கள், அங்கே புது முயற்சி எதுவும் வேண்டாம்.

பதிவுக்கான எஸ்.எஸ்.டி. (வேகமான டிஸ்க்) எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கட்டும். 50 எம்.பி.பி.எஸ். தரத்தில் ஐந்து மணி நேரம் ஒரு கோப்புக்கு 112 ஜி.பி.; ஐ.எஸ்.ஓ.வில் ஐந்து கோப்பு, ஆகவே 560 ஜி.பி.யைத் தாண்டும். ஒரு டி.பி. டிஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவ் தாங்காது. முடிந்ததும் முதலில் ஸ்டாப் அழுத்தி, டிஸ்க் பொத்தான் அடங்கியபின்தான் கேபிளைப் பிடுங்க வேண்டும்; பந்தி அவசரத்தில் நேராகப் பிடுங்கினால் கடைசிக் கோப்பு திறக்காது.

யூடியூப் 12 மணி நேரத்துக்குள் முடியும் நேரலையைத்தான் தானாகச் சேமித்துவைக்கும். காலை முகூர்த்தத்தில் தொடங்கி இரவு வரவேற்புவரை ஒரே லிங்க்கில் ஓட்டாமல், காலைக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று என்று இரண்டு லிங்க் போட்டு, அழைப்பிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதே இரண்டையும் கொடுத்துவிடச் சொல்லுங்கள்.